கோடையில் கடலோரத் தூண்டில்: உள்ளூர் வழிகாட்டியோடு போவது பற்றி

கேள்வி இது. ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு, கடல் புதிது. கோடை விடுமுறைக்குக் கடலோரம் போகும்போது ஒரு நாள் உள்ளூர் வழிகாட்டியோடு படகில் போய் மீன்பிடிக்க ஆசை. பத்து வயதுப் பையனும் கூட வருவான். வழிகாட்டி அவசியமா? எப்படிப்பட்டவரைத் தேடுவது? எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

அவசியம்தான். கடலுக்குப் புதியவர் முதல் முறையாவது வழிகாட்டியோடு போவது நல்லது. கோடை என்றால் அதைவிட நல்லது. படகும் தூண்டிலும் பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட முகத்துவாரத்தில் நீர் வற்றும்போது கொடுவா மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும், எந்தக் காற்று வீசினால் எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) கலங்கிப்போகும் என்பதெல்லாம் அங்கேயே வருஷக்கணக்காகத் திரிந்தவருக்குத்தான் தெரியும். நீங்கள் காசு கொடுப்பது அந்த அறிவுக்கு.

இந்த விளையாட்டை வளர்த்தவர்களில் வழிகாட்டிகளின் பங்கு பெரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவுக்கு எதிரே இருக்கும் கேட்டலினா தீவில் 1898-ல் சார்ல்ஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு, அதாவது சுமார் 83 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டு அங்கே டூனா கிளப் என்ற மீன்பிடிச் சங்கம் தொடங்கியது. பெரிய மீனை மெல்லிய தூண்டில் நரம்பில், மீனுக்கும் தப்ப ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பிடிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே உருவானது. அந்தத் தீவில் படகோட்டியாக இருந்த ஜார்ஜ் ஃபார்ன்ஸ்வொர்த்தான் பட்டத்தில் இரையைத் தொங்கவிட்டு, படகின் நிழலுக்கும் சத்தத்துக்கும் வெகு தூரத்தில் நீர்மட்டத்தில் துள்ள வைக்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். பசிபிக் தீவுகளின் மீனவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே இலையால் செய்த பட்டத்தில் சிலந்தி வலையைக் கட்டி முரல் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முரலின் சின்னச் சின்னப் பற்கள் அந்த நூலில் சிக்கிக்கொள்ளும், தூண்டில் முள்ளே வேண்டாம். ஃபுளோரிடாவில் ஜிம்மி ஆல்பிரைட் என்ற வழிகாட்டியின் பெயரில் வழங்கும் ஆல்பிரைட் முடிச்சைத்தான் இன்றைக்கும் தடித்த நரம்பையும் மெல்லிய நரம்பையும் இணைக்க உலகமெங்கும் போடுகிறார்கள். உங்களோடு வரப்போகிறவரும் அந்த வரிசையில் வருகிறவர்தான். மரியாதையோடு பழகுங்கள், நிறையக் கேளுங்கள்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: அவருக்கு "வேண்டாம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். காற்று சரியில்லை, இன்று வேண்டாம். இந்த மீன் முட்டையோடு இருக்கிறது, எடுக்க வேண்டாம். வெயில் ஏறிவிட்டது, இத்தோடு போதும். வாடிக்கையாளர் காசு கொடுத்திருக்கும்போது இதைச் சொல்வது எளிதல்ல. சொல்கிறவர்தான் கடலையும் மீனையும் உங்களையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கிறவர். பெரிய மீன்களோடு ஆட்கள் சிரிக்கும் படங்கள் யாரிடமும் இருக்கும், அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நேரிலோ தொலைபேசியிலோ பேசும்போது, "நாங்கள் வரும் நாளில் வானிலை மோசமானால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எவ்வளவு காற்றடித்தால் கிளம்பமாட்டார், முன்பணம் திரும்பி வருமா, வேறு நாள் தருவாரா, காற்று மறைவான உப்பங்கழிக்குள் கூட்டிப் போவாரா என்று தெளிவாகப் பதில் வர வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று நழுவினால் அடுத்தவரைப் பாருங்கள். "கட்டாயம் மீன் கிடைக்கும்" என்று சத்தியம் செய்கிறவரையும் தவிர்த்துவிடலாம். கடலில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் என்ன மீன் வரும், எது வராது, நீங்கள் ஆசைப்படும் மீனுக்கு வேறு மாதம் வர வேண்டும் என்று சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

உரிமம், காப்பீடு, உயிர்காப்பு அங்கி, ரேடியோ, முதலுதவிப் பெட்டி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். கேட்டால் நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ளமாட்டார். சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு மாதிரி இருக்கும். அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிறவர் கடலோரக் காவல்படையின் உரிமம் வைத்திருக்க வேண்டும். சிறு படகுகளுக்கான உரிமத்தில் கட்டணப் பயணிகள் ஆறு பேர் வரைதான். நீங்கள் தனியாக மீன்பிடி அனுமதி எடுக்க வேண்டுமா, அவருடைய அனுமதியே உங்களுக்கும் போதுமா என்பதையும் கேளுங்கள், இதுவும் இடத்துக்கு இடம் மாறும். பையனுக்கு அவன் அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கானதைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் விழும்போது அது தலைக்கு மேலே கழன்று வந்துவிடும்.

உங்களைப் பற்றியும் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கடல் புதிது, பையன் வருகிறான், இவ்வளவு தூரம்தான் வீசத் தெரியும், பிடித்ததில் ஒன்றிரண்டை எடுத்துப் போக ஆசை, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடத்தான் எண்ணம். இது தெரிந்தால்தான் அவர் அந்த நாளைத் திட்டமிட முடியும்.

முதல் முறைக்கு ஆழ்கடல் வேண்டாம் என்பது என் கருத்து. மயில்மீன், சூரை என்று ஆசை இழுக்கும். ஆனால் ஆழ்கடல் பயணத்தில் பாதி நேரம் போய்வருவதிலேயே கழியும். அலையில் பையனுக்கு வயிற்றைப் புரட்டினால் உடனே திரும்பிவரவும் முடியாது. உப்பங்கழி, முகத்துவாரம், அலையாத்தி ஓரம், கரையிலிருந்து பார்த்தால் தெரியும் பார்கள் என்று அரை நாள் போதும். கரையோர மீன் சின்னது என்று நினைக்க வேண்டாம். கொடுவா, பாறை, செப்பிலி, சீலா எல்லாமே இந்த நீரில்தான் திரிகின்றன. ஒரு நடுத்தரப் பாறை மீன் ஓடும் ஓட்டத்துக்கு ஆற்று மீனில் எனக்கு ஈடு தெரியவில்லை.

பத்து வயதுப் பையனுக்கு எண்ணிக்கைதான் முக்கியம், அளவு அல்ல. பெரிய மீனுக்காக மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் சலித்துவிடுவான். மெல்லிய கோல், சின்ன முள், இறால் துண்டு, அடிக்கடி கடிக்கும் சின்ன மீன் என்று ஒரு மணி நேரம் அவனுக்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். உயிர் இரைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனிடம் விட்டால் அதிலேயே பாதி நாள் மூழ்கியிருப்பான்.

நேரத்தைப் பொறுத்தவரை, வழிகாட்டி விடியுமுன் வரச் சொல்வார். தூக்கத்தை நினைத்துப் பேரம் பேச வேண்டாம், அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நோக்கி வரும். முற்பகலில் மெல்ல ஆரம்பிக்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். காலையில் கண்ணாடி போலக் கிடந்த உப்பங்கழி மதியத்துக்குள் நுரை தள்ள ஆரம்பித்துவிடும். அப்புறம் வீசுவது கஷ்டம், மீனைப் பார்ப்பதும் கஷ்டம்.

இன்னொரு காரணம் தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 6.2 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடும். அதனால் உச்சிவெயிலில் ஆழமில்லாத இடங்களை விட்டு ஆழமான மடுவுக்கும் நிழலுக்கும் நீரோட்டம் உள்ள வாய்க்காலுக்கும் ஒதுங்கும். நல்ல வழிகாட்டி வெயில் ஏற ஏற உங்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். "இங்கேதானே காலையில் கடித்தது, ஏன் போகிறோம்?" என்று தோன்றினால் காரணம் இதுதான்.

ஆற்றுக்காரருக்குக் கடலில் பழகவேண்டிய முதல் விஷயம் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது. ஆற்றில் நீர் எப்போதும் ஒரே பக்கம் ஓடும், மீன் அதற்கு முகம் கொடுத்து நிற்கும். கடலோரத்தில் பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டம் திசை மாறும். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. நீர் வற்றும்போது சதுப்புக்குள் இருக்கும் இறாலும் நண்டும் குஞ்சு மீனும் வாய்க்கால் வழியாக வெளியே வந்தாக வேண்டும். வேட்டை மீன் அந்த வாயில் காத்திருக்கும். ஏறும்போது இதே மீன் வெள்ளத்தோடு அலையாத்தி வேர்களுக்குள் புகுந்துவிடும். ஓட்டம் நின்றுபோகும் இடைவெளியில் பெரும்பாலும் கடி நின்றுவிடும். சாப்பிட்டு இளைப்பாற அதுதான் நேரம். ஆகவே தேதியை நீங்களே முடிவு செய்துவிட்டு அவரை அழைப்பதைவிட, "இந்த வாரத்தில் ஓதம் எந்த நாள் நன்றாக இருக்கும்?" என்று அவரைக் கேட்டு நாள் குறிப்பது மேல். விடியற்காலையும் நீரோட்டமும் சேர்ந்து அமையும் நாள் கோடையில் அருமையானது.

அவர் எதைப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் வட்டமிட்டு விழுந்து எழுந்தால் கீழே வேட்டை மீன் குஞ்சுகளை மேலே விரட்டுகிறது என்று அர்த்தம். தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சந்திக்கும் கோடு, மிதக்கும் பாசி வரிசை, அமைதியான நீரில் ஒரு இடம் மட்டும் சிலிர்ப்பது, இவையெல்லாம் அவருக்கு எழுத்து மாதிரி. ஒவ்வொரு முறையும் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் சொல்லித்தருவார். ஒளியின் பளபளப்பை வெட்டும் போலராய்ட் கண்ணாடி உங்களுக்கும் வேண்டும், அது இல்லாமல் நீருக்குள் ஒன்றும் தெரியாது.

ஆழமில்லாத இடத்தில் மீனைக் கண்ணால் பார்த்து வீசுவதாக இருந்தால் அவர் கடிகாரக் கணக்கில் பேசுவார். படகின் முனை 12 மணி. "பதினொன்று, அறுபது அடி" என்றால் முனைக்குச் சற்று இடப்பக்கம், அறுபது அடி தூரம். கிளம்பும்போதே பையனுக்கும் இதைச் சொல்லிப் பழக்கிவிடுங்கள். குழப்பமாக இருந்தால் கோலின் நுனியை நீட்டிக் காட்டுங்கள். "இன்னும் வலது, அங்கேதான், போடுங்கள்" என்று திருத்துவார். படகில் காலால் தட்டுவது, பெட்டி மூடியை அடித்து மூடுவது கூடாது. நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். ஆழமில்லாத நீரில் மீன் அந்த அதிர்வை உடனே உணர்ந்துவிடும்.

தூண்டில் சாமான்களை அவரே கொண்டுவருவார். உங்கள் ஏரித் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், உப்பு அதைத் தின்றுவிடும். ரீலில் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் பிடி, எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்று மட்டும் கேட்டு, கையால் நரம்பை இழுத்துப் பாருங்கள். நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை என்பது பொதுக்கணக்கு. 10 கிலோ நரம்பானால் இரண்டரை, மூன்று கிலோ இழுவையில் நரம்பு நழுவ வேண்டும். மீன் ஓடும்போது பதற்றத்தில் டிராக்கை இறுக்குகிறவர்கள்தான் நரம்பை அறுத்துக்கொள்கிறார்கள். ஓடுகிற மீனை ஓட விடுங்கள், நின்றதும் சுற்றுங்கள்.

ஆற்றுப் பழக்கம் ஒன்றை மறக்கவேண்டியிருக்கும். கடித்ததும் கோலைச் சுண்டி இழுப்பது நமக்குக் கையிலேயே ஊறிய செயல். கடலில் உயிர் இரையோடு பெரும்பாலும் வட்ட முள்ளைத்தான் தருவார்கள். அதன் கூர் உள்பக்கமாக, தண்டை நோக்கி வளைந்திருக்கும். சுண்டினால் அது மீனின் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். சுண்டாமல் நரம்பு இறுகும் வரை பொறுத்து ஒரே சீராகச் சுற்றினால், வாயோரத்தில் தானே திரும்பிப் பதிந்துகொள்ளும். வயிற்றில் இறங்காமல் வாயோரத்தில் பிடிப்பதால் விடுகிற மீன் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கத்தில் 2008 முதல் மயில்மீன் இனங்களுக்கான போட்டிகளில் இயற்கை இரை என்றால் வட்ட முள் கட்டாயம் என்று விதி வந்தது இதனால்தான்.

டார்பன் என்ற பெரிய வெள்ளி நிறக் கடல்மீன் போன்று துள்ளும் மீனாக இருந்தால் இன்னொன்று. அது காற்றில் எழும்பும் நொடியில் அதன் முழு எடையும், தலையை உதறும் வேகமும் நரம்பில் இறங்கும். அந்த நேரத்தில் கோலை அதன் பக்கம் தாழ்த்தி நரம்பைத் தளர்த்த வேண்டும். ஃபுளோரிடா வழிகாட்டிகள் இதை ராஜாவுக்கு வணக்கம் சொல்வது என்பார்கள். டார்பனுக்கு அங்கே வெள்ளி ராஜா என்று பெயர்.

இனி எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது: மீனை விடுவது. கோடையில் இதை இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்று சொன்னேன் அல்லவா? நீண்ட நேரம் போராடிக் களைத்த மீன், ஓடி முடித்தவுடன் மூச்சை அடக்கச் சொன்ன ஆள் மாதிரி ஆகிவிடும். நாம் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் படமெடுக்கும் ஒவ்வொரு நொடியும் அதற்கு மூச்சு இல்லாத நொடி. வேண்டுமென்றே மெல்லிய நரம்பில் அரை மணி நேரம் இழுத்து ரசிப்பது கோடையில் கூடாது. கொஞ்சம் தடித்த நரம்பை எடுத்து மீனைச் சீக்கிரம் கொண்டுவருவதே நியாயம். நீந்திப் போய்விட்டது என்பதால் பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது; சில மணி நேரம் கழித்து இறப்பவையும் உண்டு. களைத்த மீனைச் சுறா எளிதாகப் பிடிக்கும். சுறாக்கள் கூடிவிட்டால் நல்ல வழிகாட்டி அந்த இடத்தையே விட்டுவிடுவார்.

கைகளை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கையும் துண்டும் மீனின் வழவழப்பான மேல்படலத்தை உரித்துவிடும், அது போனால் நோய் தொற்றும். சன் ஸ்கிரீன் தடவிய கையைக் கழுவாமல் மீனையும் இரையையும் தொடக் கூடாது. செவுளுக்குள் விரலை விடாதீர்கள். கனமான மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல், வயிற்றுக்கு அடியில் இன்னொரு கையைக் கொடுத்துப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். படம் வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு தூக்குங்கள், உடனே இறக்குங்கள். நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிட்டால் இன்னும் சிறப்பு. முள்ளின் எதிர்முனையை, அதாவது கூருக்குப் பின்னால் திரும்பி நிற்கும் சின்ன முனையை, முன்பே இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. பையனின் விரலில் குத்திவிட்டாலும் எளிதாக வரும். ஃபுளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனைத் தண்ணீரிலிருந்து தூக்குவதே சட்டப்படி கூடாது.

ஆழமான பாரில் களவா, சங்கரா போன்றவற்றைப் பிடித்தால் வேறு ஒரு சிக்கல் வரும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது மீனின் காற்றுப்பையில் இருக்கும் வாயு நான்கு மடங்காக விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியாக வெளியே தள்ளும். அப்படியே விட்டால் மீன் கீழே போக முடியாமல் மல்லாந்து மிதந்து, பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும். வெளியே வந்திருப்பதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்திவிடுகிறவர்கள் உண்டு. அது இரைப்பை, குத்தவே கூடாது. எடை கட்டிய கவ்வியில் மீனைப் பிடித்து ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கும் கருவி இருக்கிறது. கீழே போகப் போக வாயு தானாகச் சுருங்கிவிடும். மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்க மத்திய அரசுக் கடற்பகுதியில் பார் மீன் பிடிக்கும் படகுகளில் இந்தக் கருவியோ காற்றுப்பையிலிருந்து காற்றிறக்கும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இல்லாத இடத்திலும் "உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால், விட நினைக்கும் மீனை ஆழத்தில் பிடிக்காமல் இருப்பதே சரி.

எடுத்துப் போகிற மீனிலும் எதை எடுக்கிறோம் என்பது இருக்கிறது. கொடுவா ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரிய கொடுவா அநேகமாக எல்லாமே பெண், லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது. களவா இனங்கள் பலவற்றில் இது தலைகீழ்: பெண்ணாக இருந்து பெரிதானதும் ஆணாகும். பெரியதையே பார்த்துப் பார்த்து எடுத்தால் ஒரு பாரில் ஒரு பாலினமே அருகிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு 58 சென்டிமீட்டர் என்ற கீழ்வரம்போடு 120 சென்டிமீட்டர் என்ற மேல்வரம்பும் வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். பல மீன்களுக்குக் கோடையே இனப்பெருக்கக் காலம். ஃபுளோரிடாவில் ஸ்னூக் மீனை ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எடுத்துச் செல்ல முடியாது, பிடித்தால் விட்டுவிட வேண்டும். நீங்கள் போகும் இடத்தின் அளவு வரம்பு, தடைக்காலம் இரண்டையும் வழிகாட்டியிடம் கேட்பதோடு, அரசு அறிவிப்பிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். "யாரும் பார்க்கமாட்டார்கள், பெட்டிக்குள் போடுங்கள்" என்கிறவரோடு இரண்டாவது முறை போக வேண்டாம்.

உங்கள் உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் வெயில் மேலிருந்தும் நீரில் பட்டுக் கீழிருந்தும் வரும். முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் துணி, அகலத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். பையனுக்குத் தலைவலி, குமட்டல், திடீர்ச் சோர்வு என்றால் அது அலையாலும் இருக்கலாம், வெயிலாலும் இருக்கலாம். இரண்டிலும் நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்விப்பதே முதல் வேலை. குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ உடனே கரைக்குத் திரும்பி மருத்துவ உதவி தேட வேண்டும். அலைக்கோளாறு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கோடை மதியத்து இடியை லேசாக எண்ணாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்கு முன்பே கரை சேர்ந்திருக்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் திரும்பக் கிளம்பக் கூடாது. கையில் இருக்கும் கிராஃபைட் கோல் மின்சாரம் கடத்தும், அதைக் கீழே படுக்க வைத்துவிடுங்கள்.

இறங்கி நடக்கிற இடமென்றால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிவிடும். திருக்கையோ கெளுத்தியின் முள்ளோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் அந்த இடத்தை முப்பது முதல் தொண்ணூறு நிமிடம் வைத்தால் வலி இறங்கும். அதற்கப்புறம் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலும், முள் ஆழமாகப் பதிந்திருந்தாலும் அதைப் பிடுங்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சூடான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி பெருகும். உடம்பில் ஆறாத புண் உள்ளவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கடலில் இறங்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக, சாப்பிட எடுத்து வைத்த மீன். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் கிருமிகள் ஹிஸ்டமினை உண்டாக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, அரிப்பு எடுக்கும். எவ்வளவு நேரம் சமைத்தாலும் அது அழியாது, மீன் கெட்ட வாடையும் அடிக்காது. அதனால் பிடித்த உடனேயே கொன்று, ரத்தம் வடித்து, பனிக்கட்டிக்குள் புதைத்துவிட வேண்டும். பனிக்கட்டியோடு கொஞ்சம் கடல்நீரைச் சேர்த்துக் குழம்பாக வைத்தால் மீனின் உடம்பெங்கும் பட்டு இன்னும் வேகமாகக் குளிரும். வெப்பமண்டலப் பார்களில் பிடித்த பெரிய சீலாவையும் பெரிய களவாவையும் எடுக்குமுன் வழிகாட்டியைக் கேளுங்கள். சில பார்களில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குச் சேர்ந்துகொண்டே போகும். அதுவும் சமைத்தால் போகாது. எந்தப் பார் மீனைச் சாப்பிட்டால் ஆகாது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டேன் என்று சொல்லும் மீனை நீங்களும் திரும்ப விட்டுவிடுங்கள்.